கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம்

தேவசுந்தரத்துக்குத் திங்கட்கிழமை காலையில் வாய் சும்மா இருக்காது. கடையைத் திறந்து, மேஜையைத் துடைத்து, கண்ணை மூடி ஒரு ஜெபம் பண்ணிவிட்டு நேரே என் கடைக்கு வந்துவிடுவார். அவருடையது பெயிண்ட் கடை, என்னுடையது பிளாஸ்டிக் சாமான் கடை. நடுவில் ஒரு சுவர்தான். நான் வாளிகளையும் முறங்களையும் வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"வே சங்கரா, திமிங்கிலம் எப்படித் தூங்கும்னு ஓமக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுக்கு வே அது? நானே ஒழுங்காத் தூங்கி நாளாச்சு."

"ஒரு ஜாதித் திமிங்கிலம் செங்குத்தா நின்னுக்கிட்டே தூங்குமாம். கடலுக்குள்ள தூணு நட்டு வச்ச மாதிரி, கூட்டமா."

"அதத் தெரிஞ்சுக்கிட்டு நான் எத்தன வாளி கூட விக்கப் போறேன்?"

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். நாம் சுவருக்கு அடிக்கிற நீலம் இருக்கிறதே, அதை ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலையில் கல்லாக வெட்டி எடுத்து, பொடித்து, கப்பலேற்றி அனுப்பினார்களாம். எங்கேயோ ஒரு பெரிய கடல் வற்றிப்போய், கப்பல்கள் எல்லாம் மணலில் நிற்கின்றனவாம். என் மண்டையில் இப்போது இருக்கிற இந்த மாதிரிச் சமாச்சாரங்கள் எல்லாம் அவர் ஏற்றியவைதான். நானாகப் படிப்பது பேப்பரில் ராசிபலன் மட்டும்.

அவர் பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் காலேஜில் சேரக் காத்திருந்த சமயத்தில் அப்பா தவறிவிட்டார். கடை அவர் தலையில் வந்து விழுந்தது. அதிலிருந்து படிப்பு என்றால் கிராக்கி இல்லாத நேரத்தில் மேஜைக்குக் கீழே வைத்துப் படிக்கிற படிப்புதான். பெயிண்ட் கடையில் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியாது. குருவிகுளத்திலிருந்து ஒருவர் வருவார். பக்கத்து வீட்டுக்காரன் அடித்த பச்சை வேண்டாம், அதைவிட ஒரு பிடி இளசாக வேண்டும் என்பார். அந்த இளம்பச்சையை அவர் மனசுக்குள்ளிருந்து பிடுங்கி எடுப்பதற்குள் போனில் படித்துக்கொண்டிருந்தது மறந்துபோகும்.

அதற்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்தவள் அவருடைய மகள் சுகிர்தா. பெங்களூரில் வேலை. ஒரு லீவுக்கு வந்தபோது, பார்ப்பதற்குச் சிலேட்டு மாதிரி ஒன்றை வாங்கி வந்தாள். புத்தகம் படிக்கிற ரீடர். கறுப்பு வெள்ளைதான், கண்ணைக் குத்தாது. போனில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், பிறகு படிக்க என்று அது சேர்ந்துகொள்ளும். ரீடரைத் திறந்து இன்டர்நெட்டில் விட்டால் சேர்ந்ததெல்லாம் அதில் வந்து இறங்கும். தேவசுந்தரம் வாரம் முழுக்க அமுக்கிக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் வாசிப்பார். இங்கிலீஷ் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். தெரியாத வார்த்தையின் மேல் விரலை வைத்தால் அர்த்தம் வரும். ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் தள்ளியதும் அது பட்டியலை விட்டுப் போய், 'படித்து முடித்தவை' என்ற இடத்தில் சேர்ந்துவிடும். அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காதவர், கட்டுரையிலும் வைக்க மாட்டார்.

அவருடைய மனைவி கனகமணி டீச்சர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவர். சாயங்காலக் காப்பிக்கு டீச்சரிடம் ஒரு தடவை சொல்லி, மறுநாள் காலையில் என்னிடம் ஒரு தடவை சொன்னால்தான் மனுஷனுக்கு வாசித்தது செரிக்கும். டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே "ம்" கொட்டிக் கேட்பார்.

சுகிர்தா அம்மா போனிலும் அதே பட்டனைப் போட்டுக் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு ஒரே கணக்கு. "அப்பா சேக்கிறது எல்லாம் ஒனக்கும் வரும்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அவர் சேர்ப்பது தனக்கு வரும். தான் சேர்ப்பது தன் போனோடு இருக்கும். தான் சேர்ப்பதும் அவருக்குப் போகும் என்று டீச்சருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை. அந்த வீட்டில் சேதி எப்போதும் அவரிடமிருந்து இவருக்குத்தான் போகும்.

கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு தேவசுந்தரத்துக்கு வயிற்றில் வலி ஆரம்பித்தது. முதுகுக்கும் போகும். பெயிண்ட் டப்பா தூக்கினது பிடித்துக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டார். சட்டை தொளதொளத்தது. டீச்சர் வற்புறுத்தித் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். சுகிர்தாவும் வந்துவிட்டாள். டாக்டர் அம்மாவையும் மகளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். இவர் வெளியே உட்கார்ந்து ரீடரில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"குடல்ல புண்ணாம். காரம் சேக்கக் கூடாதாம்," என்றார் டீச்சர்.

எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். கெட்ட வியாதி என்றால் அந்த ஆளைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லுவோம். மறுநாள் டீச்சர் என் கடைக்கு வந்து, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னார். கணையத்தில் புற்று. முற்றிவிட்டது. ஆபரேஷனுக்கு வழி இல்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்தால் பெரிசு.

"அவுககிட்ட மட்டும் சொல்லிராதீங்க அண்ணாச்சி. தெரிஞ்சா அன்னைக்கே ஒடிஞ்சு போயிருவாங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அந்த நிலைமையில் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

டீச்சருக்கு அந்த வியாதியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் வைத்துப் படிக்க முடியாது, அவர் பார்த்துவிடுவார். பள்ளிக்கூடத்து இன்டர்வெல்லில் ஸ்டாப் ரூமில் உட்கார்ந்து போனில் தேடுவார். நாலு வரிக்கு மேல் போனால் கண்ணில் தண்ணீர் முட்டும். பக்கத்தில் மற்ற டீச்சர்கள். தைரியம் வரும்போது படித்துக்கொள்ளலாம் என்று பட்டனை அமுக்கி வைத்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தனையும் தேவசுந்தரத்தின் சிலேட்டில் வந்து இறங்கின.

திங்கட்கிழமை காலையில் வந்தார். பேசவில்லை. விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என்ன வே, இந்த வாரம் திமிங்கிலம் ஒண்ணும் மாட்டலையா?" என்றேன்.

"ஒரு டம்ளர் தண்ணி கொடும்."

குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு என்ன செய்யுதுன்னு ஓமக்குத் தெரியும்லா?"

"குடல்ல புண்ணு வே. ரெண்டு மாசம் காரத்தக் குறைச்சா சரியாப் போகும்."

"சங்கரா," என்றார். கூட ஒரு வே போடவில்லை. ரீடரைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

தலைப்புகளைப் பார்த்தேன். எல்லாம் கணையம், கணையம் என்றே இருந்தன. அறிகுறிகள். எந்தக் கட்டம். எத்தனை காலம். இடையில் இரண்டே இரண்டு மட்டும் வேறு மாதிரி: குயில் ஏன் கூடு கட்டுவதில்லை, முதல் லிப்ட்டைக் கண்டுபிடித்தது யார்.

"குயிலும் லிப்ட்டும் நான் சேத்தது. மத்ததெல்லாம் பாப்பா சுகிர்தா சேத்ததோன்னு மொதல்ல நெனச்சேன். சேத்த நேரம் போட்டிருக்கு பாரும். எல்லாம் பள்ளிக்கூடத்து இன்டர்வெல் நேரம். கனகு வேலைதான்."

மனுஷன் அழவில்லை. எதிரே பஸ் ஸ்டாண்டுக்குள் திருவேங்கடம் ஊருக்குப் போகிற டவுன் பஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்கிட்ட சொல்லிட்டீரா?"

"சொல்லல. சொல்லப்போறதும் இல்ல. நீரும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கோட்டி பிடிச்சிருக்கா வே ஓமக்கு? தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுதுல்லா!"

"எப்படித் தெரியும்னு கேப்பா. என்ன சொல்லுவேன்? ஒங் கையாலதான் எனக்கு அனுப்புனேன்னு சொல்லவா? எனக்குத் தெரியக் கூடாதுன்னு ஊரெல்லாம் சத்தியம் வாங்கிக்கிட்டுத் திரியுதா. அவளே எனக்குச் சொல்லிட்டான்னு தெரிஞ்சா தாங்குவாளா?"

"டாக்டர் சொன்னாருன்னு சொல்லும்."

"நேரே அவர்கிட்ட போய் நிப்பா. அவரு நான் சொல்லலைன்னுருவாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அவளாச் சொல்லட்டும் வே. அவ ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். அப்புறம் நான் பேசிக்கிடுதேன். அவகிட்டப் பேச எனக்கு நெறையக் கிடக்கு."

"என்ன பேசணும்?"

"அது அவகிட்டச் சொல்லுதது. ஓம்மகிட்ட எதுக்கு?"

அந்தச் சத்தியத்தையும் பண்ணித் தொலைத்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு, நடுவில் என் வாயையும் பொத்தினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் அவர்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கட்டுரைகள் வந்தன. அவர் எல்லாவற்றையும் வாசித்தார். ஆனால் ஒன்றையும் முடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் தள்ளினால் அது பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஒரே கணக்கு என்பதால் டீச்சருடைய போனிலிருந்தும் மறைந்துவிடும். தான் தொடாத கட்டுரை எப்படி முடிந்ததில் போய்ச் சேர்ந்தது என்று டீச்சர் யோசித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடைசிப் பக்கத்தில் விரல் தவறிப் பட்டாலும் போச்சு என்று, அதற்கு முந்தின பக்கம் வரைக்கும் போய் நிறுத்திக்கொள்வார். ஒரு பருக்கை மிச்சம் வைக்காத மனுஷன் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் மிச்சம் வைத்தார்.

அந்தக் கட்டுரைகளில் அவர் தன் வியாதியை மட்டும் படிக்கவில்லை. டீச்சரையும் படித்தார். ஒரு திங்கட்கிழமை சொன்னார்:

"சாப்பாடு எறங்காதப்ப என்ன கொடுக்கலாம்னு போன வாரம் ஒண்ணு சேத்திருந்தா. நேத்து கேப்பைக் கூழு வந்துட்டு. அதுக்கு முந்தி முதுகு வலிக்குத் தலகாணிய எப்படி வைக்கணும்னு ஒண்ணு. அன்னைக்கே மெத்தையில ரெண்டு தலகாணி கூட. அவ மனசுல என்ன ஓடுதுன்னு இத்தன வருசத்துல இப்பத்தான் வே எனக்குத் தெரியுது. நான் எங்க அவளப் பேச விட்டேன்? திமிங்கிலத்தப் பத்தில்லா சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அதைக் கேட்டு நான் கடைக்கு உள்ளே போய்விட்டேன். அவர் முன்னால் அழக் கூடாது என்றுதான்.

இதில் இன்னொரு கூத்து. அவர் தனக்கென்று சேர்ப்பதையும் நிறுத்தவில்லை. பட்டியலில் தன் சரக்கு குறைந்தால் டீச்சருக்குச் சந்தேகம் வரும் என்று தினமும் அமுக்கினார். எரிமலை, எறும்பு, பழைய பாலம். அமுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொல்லுவார்: "பிறகு படிக்கன்னு அமுக்குதேன் வே. பிறகுன்னு எதச் சொல்லுதான் இவன்?"

அந்தப் பக்கம் டீச்சர் என்னிடம் வந்து சொல்லுவார்: "அவுக இன்னும் சேத்துக்கிட்டே இருக்காங்க அண்ணாச்சி. நேத்துகூட எரிமலை பத்தி ஒண்ணு. தெரிஞ்சிருந்தா சேப்பாங்களா? கர்த்தர் புண்ணியத்துல இன்னும் ஒண்ணும் தெரியல." அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைப் பார்த்த பிறகு நான் என்ன சொல்ல?

சர்ச்சில் ஐயர் அவருக்காக ஜெபம் பண்ணினார். பாதிரியாரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்லுவார்கள். நான் அதற்குப் போகவில்லை, தேவசுந்தரம் வந்து சொன்னார். "வயித்துப் புண்ணுக்கு இவ்வளவு நேரம் ஜெபம் பண்ணி நான் கேட்டதே இல்ல வே. பின்னால பொம்பளையாளுக மூக்கச் சிந்துதாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தால் வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் கோமதியம்மன் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து கொடுத்தேன். எந்த விஷத்துக்கும் எங்களுக்கு அதுதான். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் கையை ஒரு தடவை அமுக்கிப் பிடித்தார்.

ஒரு தடவை அவரே பேச்சுக்குக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்பி வேளையில், வழக்கம்போலத் தான் படித்ததைச் சொல்லாமல், "நீ என்ன கனகு படிச்ச இந்த வாரம்?" என்று கேட்டிருக்கிறார்.

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லையாம். "எனக்கு எங்க நேரம்? பேப்பர் இவ்வளவு கிடக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த பேப்பரை எடுத்திருக்கிறார்.

"இத்தன வருசத்துல நான் கேட்டதே இல்ல. இப்பப் போயித் திடீர்னு கேட்டா எப்படிச் சொல்லுவா?" என்றார் என்னிடம். மிட்டாய் கிடைக்காத பிள்ளை மாதிரி முகம் வாடிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

தீபாவளிக்குப் பின் அவர் கடைக்கு வருவது நின்றது. ஷட்டர் இறங்கியே கிடந்தது. நான் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். வீட்டில் எப்போது போனாலும் நாடகம்தான். டீச்சர் சிரித்த முகமாகக் கஞ்சி கொண்டுவருவார். "டாக்டர் சொன்னாருலா, புண்ணு ஆறுத நேரம் அப்படித்தான் வலிக்கும்னு," என்பார். அவர் "ஆமா, ஆறுத நேரம்தான்," என்பார். கண் மஞ்சளாக இருக்கும். எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். டீச்சர் உள்ளே போனதும் சமையலறையில் தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்கும். அழுவது வெளியே கேட்கக் கூடாதாம். அவர் அந்தச் சத்தம் நிற்கிற வரைக்கும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் என்னால் முடியவில்லை. "டீச்சர், இங்கன வந்து உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும்," என்று எழுந்துவிட்டேன். டீச்சர் வாசற்படியில் நின்றார். நான் அவரிடம் பண்ணின சத்தியத்தைத்தான் உடைக்கப்போகிறேன் என்று பயந்துபோனார். கட்டிலிலிருந்து இவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணிலும் ஒரே கெஞ்சல். திரும்ப உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். காப்பிக்குச் சீனி கொஞ்சம் கம்மி," என்றேன்.

டிசம்பரில் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டினார்கள். சுகிர்தா வந்து கட்டினாள். அதற்குள் அவருக்கு ரீடரைக் கையில் பிடிக்கத் தெம்பில்லை. தலைமாட்டில் கிடந்தது. கடைசியாக நான் போன அன்று காலையில் டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டை நனைத்துக்கொண்டு, "கனகு," என்றார். "நான்..."

"பேசாதீங்க. ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாயிரும்," என்றார் டீச்சர், அவசரமாக, கையைத் தடவிக்கொடுத்து.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்து, "சரியாயிரும்," என்றார். நான் கேட்ட அவருடைய கடைசி வார்த்தை அதுதான். அன்று மத்தியானம் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் நான் ஒரு பிடி மண் போட்டேன். புற்றுமண் பொட்டலம் அவர் சட்டைப் பையில் பிரிக்காமல் இருந்ததாகச் சுகிர்தா சொன்னாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம். வழக்கமாகப் பெயிண்ட் கடையில் நிற்க இடம் இருக்காது. பூட்டின ஷட்டரைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர் ஆட்கள் என்னிடம் வந்து கேட்பார்கள், பெயிண்ட் கடை அண்ணாச்சி எங்கே என்று. ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் டீச்சர் வந்தார். கையில் அந்தச் சிலேட்டு. தேவசுந்தரம் உட்கார்ந்த நாற்காலியை நான் இன்னும் விற்கவில்லை. அதில்தான் டீச்சரும் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமைன்னா அவுக உங்ககிட்ட வந்து பேசுவாங்கள்லா. அதான் இங்கன வந்தேன். கடைசியா என்ன படிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு பாக்கணும்போல இருந்துச்சு. வீட்டுல தனியா வச்சுத் தொறக்க முடியல அண்ணாச்சி."

"இப்ப எதுக்கு டீச்சர்? பாப்பா வரட்டும், பாத்துக்கிடலாம்," என்று கையை நீட்டினேன். அதற்குள் திறந்துவிட்டார்.

விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"இது நான் போன்ல வச்சதுலா? இதுல எப்படி வந்துச்சு? அவுக சேக்கிறது எனக்கு வரும்னுதான சுகிர்தா..."

வாக்கியம் பாதியில் நின்றது. மீதியை அவரே மனதுக்குள் முடித்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"அவுகளுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும் டீச்சர்."

"எப்பவிருந்து?"

"மொத வாரத்துலேர்ந்தே."

சத்தியம் பண்ணிக் கொடுத்த ஆள் போய்விட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குயில், லிப்ட், கேப்பைக் கூழ், தலகாணி, எரிமலை. ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல டீச்சர் அந்தச் சிலேட்டை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்க் குழாய் இல்லாத இடத்தில் அழுவதற்குக்கூட அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"அவுக எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே ஒரு வார்த்தையைத்தான் தேவசுந்தரமும் கேட்டார். அதை நான் டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

ஒரு கட்டுரையைத் திறந்தார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்று தலைப்பு. அது அவர் விட்ட இடத்தில் வந்து நின்றது. வேறு ஒன்றைத் திறந்தார். அதுவும் அப்படித்தான்.

"எல்லாம் கடைசிக்கு முந்தின பக்கத்துல நிக்குதே, ஏன்?"

அதையும் சொன்னேன். டீச்சர் தலையை ஆட்டினார். "நானும் மொதல்ல தொறந்ததுல இந்த இடத்தத் தாண்டல அண்ணாச்சி. மூச்சு வாங்குதது பத்தி வரும். அதோட மூடிருவேன்." முதல் கட்டுரைக்குத் திரும்பப் போனார். விரலை வைத்துக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினார். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார்.

"நோயாளியிடம் உண்மையை மறைப்பதா என்று பல குடும்பத்தினர் கேட்கிறார்கள். பெரும்பாலான நோயாளிகள் தங்கள் நிலையை ஏற்கெனவே உணர்ந்திருக்கிறார்கள். வீட்டாரை வருத்தக் கூடாது என்பதற்காகவே அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். பேச்சை நீங்களே தொடங்குங்கள். நேரம் இருக்கும்போதே தொடங்குங்கள்."

அதோடு முடிந்திருந்தது. டீச்சர் விரல் எங்கோ பட, பக்கம் இன்னொரு தரம் நகர்ந்தது. கட்டுரை போய்விட்டது. பட்டியல் வந்தது. அதில் மேலே எரிமலை இருந்தது.

"எங்க போச்சு அண்ணாச்சி?"

"படிச்சு முடிச்சதுல போயிச் சேந்துட்டு டீச்சர்."

அவர் எரிமலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ பூட்டின ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு என் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன்.

"எங்கிட்டப் பேச நெறையக் கிடக்குன்னு சொன்னாங்கன்னீங்கள்லா," என்றார் டீச்சர். "என்ன பேசணும்னு இருந்தாங்களாம்?"

"தெரியல டீச்சர்," என்றேன். "அத மட்டும் எங்கிட்டச் சொல்லல."